தையில் பூக்க வேண்டிய பூ

"ஏன் மதினி, பூவுக்குக்கூடவா ரப்பர் பாண்டு போடுவீங்க?"

மதுரையிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் இப்படிக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பாலிஹவுஸுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து, கார்னேஷன் மொட்டு ஒவ்வொன்றுக்கும் இடுப்பில் சின்ன ரப்பர் வளையம் மாட்டிக்கொண்டிருந்தேன். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். கார்னேஷன் மொட்டுக்கு அடியில் பச்சையாய் ஒரு கிண்ணம் இருக்கிறதல்லவா, பகலில் நல்ல வெயிலும் ராத்திரியில் கடும் குளிருமாக மாறி மாறி அடித்தால், உள்ளே இதழ்கள் திணறிக்கொண்டு பெருகும். கிண்ணம் தாங்காமல் ஒரு பக்கம் கிழிந்து, இதழெல்லாம் சரிந்து தொங்கிப்போகும். அப்படிச் சரிந்த பூவைக் கடைக்காரர் கையால்கூடத் தொடமாட்டார். அதனால்தான் இந்த ஒட்டியாணம்.

"போடாட்டி வயிறு வெடிச்சிரும்மா" என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, நானும் நாலு போடுறேன், குடுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அன்று அவளிடம் சொன்ன கதையைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் பிறந்தது சின்னாளபட்டி. படித்தது பத்தாவது. 1999-ல் கல்யாணமாகிக் கொடைக்கானல் மலையில் வில்பட்டிப் பக்கம் வந்து சேர்ந்தேன். வந்த புதிதில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அடுப்படியை விட்டு நகரமாட்டேன். எங்கள் வீட்டில் அப்போது பூண்டும், உருளைக்கிழங்கும், காரட்டும்தான். 2016-ல் இவர்தான், "ஊரில் எல்லோரும் பூ போடுறாங்க, நாமும் போடுவோம்" என்று ஆரம்பித்தார். தோட்டக்கலைத் துறை மானியம் போக மீதிக்குப் பாங்குக் கடன், அதுவும் போதாமல் என் எட்டுப் பவுன். பன்னிரண்டு சென்ட்டில் ஒரு பாலிஹவுஸ் எழும்பியது. உள்ளே பத்தாயிரம் கார்னேஷன் நாற்று.

இந்தப் பூ ஏன் இந்த மலைக்கு வந்தது என்று நானும் யோசித்திருக்கிறேன். உலகத்திலேயே அதிகமாகக் கார்னேஷன் ஏற்றுமதி செய்கிற நாடு தென் அமெரிக்காவில் இருக்கும் கொலம்பியா. அங்கே பொகோட்டா நகரத்தைச் சுற்றியுள்ள சமவெளி எங்கள் மலையைப் போலவே உயரமானது. பூமத்திய ரேகைக்கும் பக்கம். வருஷம் முழுக்கப் பகல் பொழுது ஏறக்குறைய ஒரே அளவு, ராத்திரியில் குளிர். நாங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஏழாயிரம் அடி உயரம், மிதமான வெயில், குளிர்ந்த ராத்திரி. அந்த மிதம் இருக்கும்வரை கார்னேஷன் சமர்த்துப் பிள்ளை. மிதம் தப்பினால்தான் வினை.

பூ வளர்ப்பது என்றால் தண்ணீர் ஊற்றுவதும் களை எடுப்பதும் என்று நினைக்காதீர்கள். உண்மையில் அது பஞ்சாங்கம் பார்க்கிற வேலை. மார்கழியில் கல்யாணம் கிடையாது. தை பிறந்ததும் மண்டபம் மண்டபமாக மேடை அலங்காரம். அடுத்து பிப்ரவரி 14, காதலர் தினம். ஆகவே தையில் பூ வேண்டுமென்றால் ஆவணியில் நாற்று ஊன்றி, புரட்டாசியில் நுனி கிள்ள வேண்டும். கிள்ளினால்தான் பக்கக் கிளைகள் வெடிக்கும். கிளைக்கு ஒரு பூ. எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஐந்தாவது மாதம் பூ. முன்னால் வந்தாலும் நஷ்டம், பின்னால் வந்தாலும் நஷ்டம். வெட்டின பூவை அரிசி மாதிரி மூட்டை கட்டி வைக்கவா முடியும்?

முதல் இரண்டு வருஷம் கணக்குத் தவறவில்லை. 2018-ல் எங்கள் மலையெல்லாம் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கிற குறிஞ்சி, 2006-க்குப் பிறகு சொன்னபடி வந்து நின்றது. "பாத்தியா, நாள் தப்பாம வந்திருச்சு" என்று என் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது ஓய்ந்த சூட்டில்தான் கஜா வந்தது.

ஐப்பசி கடைசி. நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது அந்தப் புயல். கடற்கரை எங்கே, நாங்கள் எங்கே! மலைமேல் இருக்கிறவர்களுக்குப் புயல் என்பது ரேடியோவில் கேட்கிற சமாசாரம் என்று நினைத்திருந்தோம். அது உள்நாட்டுக்குள் நேராக மேற்கே நடந்து, திண்டுக்கல்லைத் தாண்டி, எங்கள் மேலேயே வந்துவிட்டது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று. யூகலிப்டஸ் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்கிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. பாலிஹவுஸின் கூரை ஷீட் மூச்சு விடுகிற வயிறு மாதிரி எழும்பி எழும்பி இறங்கியது.

இவர் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "ஷீட்டை அறுத்து விட்டுருவோம். காத்து உள்ள புகுந்து வெளிய போயிரும். பைப்பாவது மிஞ்சும்" என்றார். நான் விடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். "என் வளையல் அதுல இருக்கு, அறுக்காதீங்க" என்று அழுதேன். அரை மணி நேரம்தான். காற்று அடியில் புகுந்து, ஷீட்டோடு சேர்த்து இரும்புப் பைப்பையும் பிடுங்கி முறுக்கிப் போட்டுவிட்டது. அவர் சொன்னபடி அறுத்திருந்தால் ஷீட் மட்டும்தான் போயிருக்கும். இதை அவர் இன்றுவரை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ரோடெல்லாம் மரம். கரண்ட் ஐந்து நாள் இல்லை. சாய்ந்து கிடந்த பாத்தியில் பிழைத்த பூக்களை வெட்டி, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீரில் நிறுத்தி, பின் அறையில் வைத்தேன். குளிர்ந்த அறை, வழி திறந்ததும் அனுப்பிவிடலாம் என்று ஒரு நைப்பாசை. அதே சமயம் கீழ்மலையில் பண்ணைக்காட்டுப் பக்கம் இருக்கிற இவருடைய சித்தப்பா வீட்டில் வாழை மொத்தமும் விழுந்துவிட்டது. நம் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற மலைவாழைதான். வழி கொஞ்சம் திறந்ததும் ஜீப்பில் ஏழெட்டுத் தார்களைக் கொண்டுவந்து, "அழுகறதுக்கு முன்னால நாலு வீட்டுக்குக் குடுங்க" என்று இறக்கிவிட்டுப் போனார்கள். பழுக்க ஆரம்பித்த தார்கள். அவற்றையும் அதே பின் அறையில்தான் அடுக்கினேன்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால், பூவெல்லாம் தூங்குகிறது! இதழ் ஓரங்கள் உள்பக்கமாய்ச் சுருண்டு, இனி விரியவே மாட்டேன் என்கிற மாதிரி. குளிரோ, தண்ணீரோ என்று குழம்பினேன். தோட்டக்கலை படித்த பிள்ளை ஒருவர்தான் பின்னால் விளக்கினார். பழுக்கிற பழத்திலிருந்து எத்திலீன் என்று ஒரு வாயு வரும். கார்னேஷனுக்கு அது ஆகவே ஆகாதாம். புயலுக்குத் தப்பிய பூவை நான் வாழைப்பழத்துக்குப் பலி கொடுத்துவிட்டேன். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பழக்கூடைக்குப் பக்கத்தில் பூச்சாடி வைக்கிற வழக்கம் இருந்தால், இன்றே இரண்டையும் பிரித்து வையுங்கள்.

பைப்பை நிமிர்த்தி, புது ஷீட் போட்டு எழுந்து நிற்க ஒரு வருஷமாயிற்று. 2020-ல் கொரோனா. மார்ச் 25 முதல் ஊரடங்கு. கல்யாணமும் இல்லை, வண்டியும் இல்லை. வெட்டிய பூவை மாட்டுக்குப் போட்டோம். அதைப் பற்றி நீட்டி எழுத மனசில்லை.

அந்த நஷ்டத்தையெல்லாம் 2021 தையில் எடுத்துவிடலாம் என்றுதான் ஆவணியில் நாற்று ஊன்றினோம். செடி அழகாக வந்தது. மார்கழியில் எங்களுக்கு வழக்கமாக வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பகலில் சுள்ளென்று வெயில், ராத்திரியில் பனி. மேகம் இல்லாத ராத்திரியில் பூமியின் சூடெல்லாம் மேலே போய்விடுகிறது. மேகம் இருந்தால் கம்பளி மாதிரி மூடிக்கொள்ளும். குளிர்ந்த காற்றும் தண்ணீரைப் போலப் பள்ளத்தைப் பார்த்து ஓடுவதால், ஏரிக்கரையிலும் பிரையண்ட் பூங்காப் புல்வெளியிலும் வெள்ளையாய் உறைபனி படியும், மேட்டில் இருக்கிற எங்களுக்கு அவ்வளவு இருக்காது. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று மாமியார் சொல்லிக்கொண்டே பூண்டு உரிப்பார்.

அந்தத் தையில் பனியே இல்லை. மழை! பொங்கல் வாரத்தில் தமிழ்நாடு முழுவதும் கொட்டித் தீர்த்தது உங்களுக்கும் நினைவிருக்கும். தாமிரபரணியில் வெள்ளம், டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் சாய்ந்து முளைத்துப் போயிற்று. வழக்கமாக ஜனவரியில் பெய்கிற மழையைப் போல அந்த ஜனவரியில் பத்து மடங்குக்கு மேல் பெய்ததாகக் கணக்கு. எங்கள் மலையில் சூரியனைப் பார்ப்பதற்கென்றே 1899-ல் ஒரு வானோக்கு நிலையம் அமைத்தார்கள். அந்த வாரம் அங்கே இருந்தவர்கள் என்ன செய்தார்களோ, எங்கள் கண்ணுக்குச் சூரியன் தென்படவே இல்லை.

பாலிஹவுஸுக்குள் மழை விழாதே, பிறகென்ன என்று கேட்பீர்கள். நாத்தனாரும் கேட்டாள். மழை விழாது, ஆனால் வெளிச்சமும் விழாது. வெளிச்சம் இல்லாவிட்டால் மொட்டு அப்படியே நின்றுவிடும். பட்டாணி அளவு மொட்டு பத்து நாள் கழித்தும் பட்டாணி அளவுதான். இன்னொரு பக்கம் ஈரம். காலையில் ஷீட்டின் உள்பக்கம் வியர்த்து, சொட்டுச் சொட்டாய்ப் பூமேல் விழும். அந்த ஈரத்தில் சாம்பல் பூஞ்சை வந்துவிட்டது. முதலில் இதழில் ஊசிமுனைப் புள்ளி, மூன்றாம் நாள் பழைய ரொட்டியில் பூத்த மாதிரி சாம்பல் நிறத்தில் ரோமம்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமான இடம்.

பூஞ்சை வந்தால் மருந்து அடிக்க வேண்டும். வழக்கமாக வாரம் ஒரு முறை அடிப்பவர்கள் அந்தத் தையில் ஒன்று விட்டு ஒரு நாள் அடித்தோம். மழைக்குப் பயந்து பக்கப் படுதாக்களையும் இறக்கியே வைத்திருந்தோம். மருந்து வாடை வெளியே போக வழியில்லை. என்னிடம் அப்போது வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்களில் ஒரு பெண் ஆறு மாதக் கைக்குழந்தைக்காரி. பிள்ளையை என் மாமியாரிடம் விட்டுவிட்டு, நடுவில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு மருந்து அடித்துவிட்டு, ஒன்பது மணிக்கே நான் அவளை உள்ளே அனுப்பினேன். "பூஞ்சை புடிச்ச பூவையெல்லாம் கிள்ளி வாளியில போடும்மா, இல்லாட்டி நல்ல பூவும் போயிரும்." இதுதான் நான் சொன்னது. பதினோரு மணிக்குத் தலைசுற்றல் என்று வெளியே வந்தாள். வாசல்படியிலேயே வாந்தி. முகமெல்லாம் வெளுத்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டாள். கடவுள் புண்ணியம். ஆனால் அங்கே இருந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "குழந்தைக்குப் பால் கொடுக்கிற பெண்ணை மருந்து அடிச்ச இடத்துக்குள்ள விடலாமா? உங்க பொண்ணா இருந்தா விடுவீங்களா?" என்று கேட்டார். எனக்கும் பெண் இருக்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து எங்கள் பாலிஹவுஸில் சில ஏற்பாடுகள். மருந்து அடிப்பது சாயங்காலம்தான்; மறுநாள் படுதாவைத் தூக்கிக் காற்று நன்றாக ஓடிய பிறகுதான் ஆள் உள்ளே போகலாம். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் வெளியே கட்டுப் போடுகிற வேலை மட்டும். வேலைப் புடவை தனி. அதை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவிப் புடவை மாற்றாமல் பிள்ளையைத் தொடக் கூடாது. பூத்தோட்டம் என்றில்லை, கத்தரித் தோட்டமோ பருத்திக்காடோ, எங்கே மருந்து அடித்தாலும் இது பொருந்தும். கணவர் மருந்து அடித்துவிட்டு வந்தால், குளித்த பிறகுதான் குழந்தையைத் தூக்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

அந்தப் பூ என்ன ஆயிற்று என்றால், மூன்று வாரம் தள்ளிப் பூத்தது. எங்களுக்கு மட்டுமா? மலையில் எல்லோருக்கும் ஒரே நாளில் பூத்தது. காதலர் தினமும் போய், தை முகூர்த்தமும் போய், மாசியில் எல்லோரும் ஒரே பஸ்ஸில் பெங்களூருக்குப் பெட்டி ஏற்றினோம். இருபது பூ கொண்ட கட்டு 200 ரூபாய்க்குப் போக வேண்டியது 80-க்குப் போயிற்று. பெட்டியும் பஸ் கட்டணமும் கழித்தால் கையில் நின்றது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் எட்டுப் பவுன் இன்னும் ஒரு வருஷம் பாங்கு லாக்கரிலேயே இருந்தது.

மழை இப்படிச் செய்தது என்றால், வெயில் வேறு விதம். 2024 ஏப்ரல் கடைசியில் அடித்த வெயிலை மறக்க முடியாது. ஊட்டியில் 29 டிகிரி, பல பத்து ஆண்டுகளில் காணாத சூடு என்று பேப்பரில் வந்தது. எங்கள் பக்கம் பூம்பாறை, மன்னவனூர் காடுகளில் தீ பிடித்து நாள் கணக்கில் எரிந்தது. காலையில் எழுந்தால் வாசலில் சாம்பல் வாடை. கல்யாணமாகி வந்த இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் வீட்டில் மின்விசிறி வாங்கினோம். கடைக்காரரே சிரித்தார்.

செடிக்கு விசிறி போட முடியுமா? வைகாசிக்கு வர வேண்டிய பூ சித்திரையிலேயே அவசர அவசரமாக விரிந்துவிட்டது. தண்டு ஒல்லி, பூ சின்னது. இலைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத சிவப்புச் சிலந்தி கூடு கட்டி, இலையெல்லாம் தூசு படிந்த மாதிரி வெளிறிப் போயிற்று. இதற்கும் மருந்து உண்டு. நான் மருந்தை எடுக்காமல், காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீச்சியடித்தேன்; சிலந்திக்கு ஈரம் ஆகாது. பாதிதான் கேட்டது. மீதியைப் பிடுங்கிப் போட்டேன்.

அந்த மே 12 அன்னையர் தினம். கார்னேஷனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1908-ல் அமெரிக்காவில் ஆனா ஜார்விஸ் என்ற பெண், இறந்துபோன தன் அம்மாவின் நினைவாக மாதா கோயிலில் நடந்த கூட்டத்துக்கு 500 வெள்ளைக் கார்னேஷன்களை அனுப்பினாளாம். அவள் அம்மாவுக்குப் பிடித்த பூ. பிற்பாடு அந்த நாளைக் கடைக்காரர்கள் வியாபாரமாக்கிவிட்டார்கள் என்று அவளே சண்டைக்கு நின்றாளாம். நம் கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா உருவானதும் அதே 1908-ல்தான். மிச்சமிருந்த வெள்ளைப் பூக்களில் ஒரு கட்டை என் பெண் எடுத்து, மாமியாருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒவ்வொன்று என்று கொடுத்தாள். அந்தச் சீஸனில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம்.

இப்போது பத்தாயிரத்தையும் ஒரே மாதத்தில் ஊன்றுவதில்லை. ஆவணியில் ஒரு பங்கு, ஐப்பசியில் ஒரு பங்கு, தையில் ஒரு பங்கு. எந்த மாதம் வானம் கழுத்தறுத்தாலும் மற்ற இரண்டும் நிற்கும். தை விலை மொத்தமாகக் கிடைக்காதுதான். இவருக்கு அதில் இன்னும் வருத்தம். ஓடையோரச் சதுப்பில் வெள்ளை லில்லி வைத்திருக்கிறேன். அது இந்த மலையில் களை மாதிரி தானாக வளர்வது; மழை பெய்தால் அதற்குக் கொண்டாட்டம். பாதி நிலத்தில் பழையபடி மலைப்பூண்டு. பாலிஹவுஸ் கம்பத்தில் ஓர் அரிவாளைத் தொங்கவிட்டிருக்கிறோம். காற்று வந்தால் யாரையும் கேட்காமல் ஷீட்டை அறுக்கலாம்.

பூ வாங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கார்னேஷன் வாங்கினால் தண்டில் கணு இருக்கிற இடத்தில் வெட்டாதீர்கள், இரண்டு கணுவுக்கு நடுவில் சாய்வாக வெட்டுங்கள். அங்கேதான் நன்றாகத் தண்ணீர் குடிக்கும். தண்ணீருக்குள் முங்குகிற இலைகளை உருவிவிடுங்கள். ஒரு ஸ்பூன் சர்க்கரை, நாலு சொட்டு எலுமிச்சம் சாறு விட்டு, இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றினால் பத்து நாளுக்கு மேல் தாங்கும்.

நாத்தனார் அன்று மாலை வரை நூற்றுக்கு மேல் ரப்பர் வளையம் மாட்டிவிட்டாள். எழுந்திருக்கும்போது, "என் மகளுக்குத் தையில முகூர்த்தம் வச்சிருக்கு மதினி, மேடைக்குப் பூ உங்க வீட்டுதுதான்" என்றாள். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஆவணியில் ஊன்றிய பாத்தியைப் பார்த்தேன். கைக்குழந்தைக்காரியாக இருந்தவள் வெளியே திண்ணையில் பூக்கட்டுக்குப் பேப்பர் சுற்றிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த அவள் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, மிச்ச ரப்பர் பாண்டுகளைக் கையில் வளையல் மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தது.

"வந்திரும்மா, ஆனா லில்லியும் கொஞ்சம் சேத்தே சொல்லிவை" என்றேன்.